ஜல்லி லாரிக்காரரின் புதுக் கார்

கார் வாங்கிய மூன்றாம் நாள் காலையில், மனைவி சொல்லியிருந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, ஜல்லி அண்ணன் நேராக, கல் பட்டுப் பெயின்ட் பெயராமலிருக்கக் காருக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்குப் போனார். இருபத்திரண்டு வருடமாகக் கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப்போகிறவர் என்பதால் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். தார்ப்பாயை ஒப்புக்கு இழுத்துவிட்டு, இரண்டே முடிச்சோடு லாரியைக் கிளப்பிவிடுவார். வேகத்தடையில் வண்டி குலுங்கும், கல் உதிரும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து வைவார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. வெளிர்நீலத்தில் சொந்தமாக ஒரு கார் வந்து வாசலில் நின்ற பிறகுதான் ரோட்டில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் கண்ணில் பட ஆரம்பித்தது.

"முன்பக்கம் மட்டும் போதுங்க. பானெட், பம்பர், சைடு கண்ணாடி ரெண்டும்" என்றார்.

கடைக்காரர் காரைக் கழுவித் துடைத்து, சோப்புத் தண்ணீரைப் பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளித்தார். பிறகு கண்ணாடித் தாள் போன்ற ஃபிலிமைத் தூக்கி பானெட்டின் மேல் விரித்தார். அது நனைந்த பரப்பில் நிற்காமல் வழுக்கி மிதந்தது. கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வானம் அப்படியே பானெட்டில் இறங்கியிருந்தது. ஃபிலிமுக்கு அடியில் ஒரு மேகம் மெல்ல நகர்ந்துபோயிற்று. கடைக்காரர் ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளத் தள்ள, மேகமும் கூடவே ஓரத்துக்குப் போவது போலிருந்தது ஜல்லி அண்ணனுக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தரையில் சொட்டிவிடும் என்றுகூடத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, அவருக்கே தெரியவில்லை.

கண்ணை எடுத்தபோது பக்கத்தில் நின்ற பச்சைக் கார் தெரிந்தது. முன்பக்கம் முழுக்கப் பொட்டுப்பொட்டாகப் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

"என்னாச்சு இதுக்கு?"

"ஜல்லி லாரி பின்னாடி போனா வேறென்ன ஆகும்? பானெட்டுக்கு அம்மை போட்டுடும்" என்றார் கடைக்காரர், குனிந்த தலை நிமிராமல். "தார்ப்பாய் கட்டத் துப்பில்லாதவனுங்களுக்கெல்லாம் லாரி எதுக்கு?"

ஜல்லி அண்ணன் மெல்ல அங்கிருந்து நகர்ந்தார்.

பச்சைக் காரின் சொந்தக்காரி சுவரோரப் பெஞ்சில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். பிரசவ வார்டு நர்ஸ். இரவு வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். ஜல்லி அண்ணன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரால் முடியவில்லை.

"சிஸ்டர், நான் ஜல்லி லாரிதான் ஓட்டறேன். விடியக்காலைல பைபாஸ்லதான் போவேன்."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "நானும் தினம் அந்த வழிதான் வருவேன். அப்ப என் காருக்கு நீங்க உறவுக்காரர் மாதிரி."

"எந்தக் கல்லு என்னுதுன்னு சொல்லத் தெரியல. ஆனா ஒண்ணு ரெண்டாவது என்னுதா இருக்கும். மன்னிச்சிருங்க."

அவள் எழுந்துபோய் பானெட்டின் நடுவில் ஒரு பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது போன மாசம் விழுந்தது. ரெண்டு பிரசவம் பாத்துட்டு வந்துட்டிருந்தேன். கண்ணு தானா சொக்கிடுச்சு. ரோடு பஞ்சு மாதிரி இருந்துச்சு, யாரோ என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி அவ்ளோ சுகம். டொக்குன்னு ஒரு சத்தம். முழிச்சுப் பாத்தா லாரியோட பின்கதவு மூஞ்சிக்கு நேரா நிக்குது. பிரேக்கை மிதிச்சேன் பாருங்க ஒரு மிதி!"

"அந்த லாரியைத் திட்டினீங்களா?"

"திட்டாம? வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்குப் போய் உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுது. அந்தக் கல்லு விழலேன்னா இன்னிக்கு நான் இல்ல."

அவர் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். அது தன் கல்லாக இருக்கக் கூடாதா என்று ஒரு மனம் ஆசைப்பட்டது. இருந்துவிடக் கூடாதே என்று இன்னொரு மனம் பதறியது. அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அதுக்காகத் தார்ப்பாயை அவுத்துப்போட்டுட்டு வராதீங்க. மத்த கல்லு விழுந்தப்பெல்லாம் நான் நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஃபிலிம் ஒட்டி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. "ஒரு வாரத்துக்குக் கழுவாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். ஜல்லி அண்ணன் வீடு வரைக்கும் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. மரநிழல்கள் பானெட்டின் மேல் ஏறி, வழுக்கி, கண்ணாடி வழியாக அவர் மடியில் விழுந்துகொண்டே வந்தன. மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். "என்னமோ ஒட்டப் போனதாச் சொன்னீங்க, ஒண்ணையும் காணோமே?" என்றாள். "கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார். ஏமாந்து வந்துவிட்டார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

மறுநாள் குவாரியில் லோடு ஏறியதும், தார்ப்பாயின் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். பின்கதவு இடுக்கில் பழைய சாக்கை மடித்துச் செருகினார். முடிச்சு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பின்னால் காத்திருந்த லாரிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னண்ணே, கல்லுக்குக் குளிருதா?"

"ஆமாப்பா" என்றார் ஜல்லி அண்ணன், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்துலேர்ந்து ஒரே தும்மல்."