துண்டுக்குள் சொன்னது

மாட்டுத் தரகன் ஒருவன் வந்து குடிக்காதே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். ஆனாலும் எண்பத்தேழாம் வருஷம் கச்சிராயபாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்த பயிற்சியில் நான் சேர்ந்திருந்தேன். குடியில் மாட்டிக்கொண்டவர்களின் வீடு தேடிப் போய்ப் பேசி, மருந்துக்கு வழி செய்து, அப்புறமும் விடாமல் போய்ப் பார்த்துவரும் ஊர்த் தொண்டர் வேலை அது. என் மச்சான் குடித்தே செத்தான் என்பது சேர்ந்ததற்கு ஒரு காரணம். மாதச் சம்பளம் உண்டு என்பது இன்னொரு காரணம். எதை முதலில் சொல்வேன் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது.

பயிற்சி கொடுத்த எட்வின் சார் திருக்கோவிலூர்க்காரர், நல்ல மனிதர். என்னிடம் பேசும்போது மட்டும் அவர் கண் என் சட்டைப்பையிலேயே நிற்கும். உள்ளே சாராயம் இருக்குமோ என்று.

செப்டம்பரில் நேரடிப் பயிற்சிக்காகக் கல்வராயன் மலைமேல் ஓர் ஊருக்குப் போனோம். எட்வின் சார், நர்ஸ் உபகாரமேரி சிஸ்டர், நான். நாங்கள் ஏறிய மறுநாளே கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்துவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், பஸ் கிடையாது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வழி கிடையாது என்று சின்னசேலத்திலிருந்து நடந்தே வந்த ஒருவர் சொன்னார்.

மலைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

"மதுவிலக்குப் போலீசா நீங்க?"

"இல்லிங்க."

"அப்ப மறியலுக்கு ஆள் புடிக்க வந்தீங்களா?"

"அதுவும் இல்லிங்க."

"பின்ன இன்னாத்துக்குச் சும்மா வந்து எங்கூட்டு ஆம்பளைங்க எவ்ளோ குடிக்கிறாங்கன்னு கேட்டுக்கினு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. பள்ளிக்கூட வராந்தாவில் எட்வின் சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். ஊரில் ஒருவர்கூடக் குடிப்பதில்லை என்று தெரியவந்தது. காற்றில் மட்டும் சாராய ஊறல் வாசம் வந்துகொண்டிருந்தது.

கடைசியாக இருசப்பன் வந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. இரண்டு கையும் நடுங்கின. மகளுக்கு நிச்சயம் பேசியிருந்ததால், இனித் தொடமாட்டேன் என்று முதல் நாள்தான் கரியராமர் கோயிலில் சத்தியம் செய்திருந்தாராம்.

"முன்னாடி எவ்ளோ குடிப்பீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"திருநாளுக்கு ஒரு டம்ளரு. இது குளிர் சொரம்மா, வேற ஒண்ணுமில்ல."

சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தனசேகர், வகுப்புல சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ரொம்ப நாளா நெறைய குடிச்சவன் பட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வரும். உயிரே போயிடும். ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. எங்கிட்ட நரம்ப அடக்கித் தூங்கவைக்கிற மாத்திரை இருக்கு. ஆனா அவர் குடிச்ச அளவு தெரியாம எவ்ளோன்னு குடுக்கறது? கம்மியானாலும் ஆபத்து, ஜாஸ்தியானாலும் ஆபத்து."

இருசப்பனை எனக்குச் சந்தையில் பழக்கம். சந்தையில் மாட்டு விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வோம். சுற்றி நிற்பவனுக்கு ஒரு எழவும் தெரியாது. அப்படிச் சொன்னதைத் தரகன் வெளியே சொல்லிவிட்டால் அன்றோடு அவனை எவனும் நம்பமாட்டான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இருசப்பன் கைமேல் போட்டேன். "ஒரு விரலு ஒரு டம்ளரு. ஒரு நாள் கணக்கு. புடி."

அவர் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே என் விரல்களைப் பிடித்தார். விட்டார். மறுபடியும் பிடித்தார். மொத்தம் எத்தனை என்று இங்கேயும் சொல்லமாட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பெரியம்மாள் புல்லுக்கட்டோடு வந்து சேர்ந்தாள். புருஷன் கையும் தரகன் கையும் துண்டுக்குள்! கட்டைத் தொப்பென்று போட்டாள்.

"அடப்பாவி! சத்தியம் பண்ண ஈரம் காயல, அதுக்குள்ள குடிக்க மாட்ட விக்கிறியா? யோவ் தரகரே, இதுக்குத்தான் மலை ஏறி வந்தியா?"

"மாடு இல்லம்மா."

"மாடு இல்லன்னா துண்டு இன்னாத்துக்கு?"

எட்வின் சாரும் எழுந்துவிட்டார். "நானும் அதத்தான் கேக்கறேன். இன்னாய்யா பேரம்?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

"அளவு சொன்னாரா இல்லையா?" என்றார் சிஸ்டர். அவர் கண் இருசப்பனின் கையிலேயே இருந்தது. நடுக்கம் தோள்வரை ஏறியிருந்தது.

ஊரே நின்று பார்த்தது. நான் வாய் திறந்து சொன்னால், இனி இந்த மலையில் ஒருவனும் என்னிடம் கை நீட்டமாட்டான். சொல்லாவிட்டால் இந்த ஆள் பொழுது சாய்வதற்குள் விழுவான்.

"இருசப்பா, நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

அவர் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். பெரியம்மாள் எங்களை மாறிமாறிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். தன் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"சந்தைக்கு உன்கூட மாடு ஓட்டிக்கினு வந்தவதான் நானு. எனக்கும் விரல் பாஷ தெரியும். புடி."

கொஞ்ச நேரம் துண்டு மட்டும் அசைந்தது. அவள் முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்து, பயம் வந்து உட்கார்ந்தது. கையை எடுக்காமலே சிஸ்டரைத் தன் பக்கம் குனியச் சொல்லி, காதில் ஏதோ சொன்னாள். அப்புறம் எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "குடும்மா. கம்மியா குடுத்துடாத."

சிஸ்டர் உடனே மாத்திரையை எடுத்தார். ஆனால் இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"இது இன்னா மருந்து? எங்கள ஊரோட கொன்னுட்டுப் போறீங்களா? மொதல்ல இந்த சாரு முழுங்கட்டும்."

"நானா?" என்றார் எட்வின் சார்.

"ஏன், பயமா?"

சார் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சட்டைப்பையை விட்டு முகத்தைப் பார்த்தார். "சார், பேரம் இதுக்குமேல எறங்காது" என்றேன். சிஸ்டர் முனகிக்கொண்டே மாத்திரையை உடைத்துப் பாதியை நீட்டினார். சார் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்.

ஊர் முழுக்க உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சார் முதலில் குடியின் தீமைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அப்புறம் சுவரில் சாய்ந்தார். அப்படியே சரிந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

"செத்துட்டாரா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

இருசப்பன் தவழ்ந்துபோய், நடுங்கும் விரலைச் சாரின் மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகுதான் திரும்பி, சிஸ்டரிடம் கையை நீட்டினார்.