நெஞ்செரிச்சலுக்கு ஐம்பது நிமிடக் கேள்விகள்

1.
இந்தக் கதை பிறந்தது கெட்ட எண்ணத்தில். கல்லூரி இதழுக்கு ஒரு நையாண்டிக் கட்டுரை வேண்டியிருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு பெண் இயற்கை மருத்துவர் இருந்தார். வயிற்றில் ஈரமண் பட்டி போடுவதால் தெருவில் அவருக்கு ‘மண் டாக்டர்’ என்று பெயர். அப்பாவுக்கு நெஞ்செரிச்சல், எனக்குக் கட்டுரை. இருவருமாகப் போனோம்.

2.
முதல் தொடக்கம்: “மூலிகை மணம் கமழும் அந்த அறையில்...”

(பொய். பினாயில் வாடை.)

இரண்டாவது: “போலி மருத்துவர்கள் பெருகிவிட்ட இக்காலத்தில்...”

(அவர் வருடக்கணக்கில் உடற்கூறு படித்தவர். விசாரிக்காமலே தலைப்பு வைத்திருந்தேன்.)

3.
கேள்விகள் மட்டும் ஐம்பது நிமிடம். அப்பா எப்போது தூங்குகிறார், எத்தனை முறை மலம் கழிக்கிறார், எதை மெல்லாமல் விழுங்குகிறார். மேசைக்கடியில் சிரித்தபடி குறிப்பெடுத்தேன்.

“எரிச்சல் சாப்பிட்டதும் வருதா, படுத்தா வருதா?”

“மாடி ஏறினா வருதும்மா.”

“நின்னா?”

“போயிடும். தாடை மட்டும் கொஞ்சம் இழுக்கும்.”

பேனா நின்றது. (டாக்டருடையது. என்னுடையது இன்னும் ஒரு வரி ஓடியது. அந்த வரியை இங்கே தரமாட்டேன்.)

“சார், இன்னைக்குப் பட்டி கிடையாது. இது இதயமா இருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“வயித்துக்குன்னு வந்தேன். ஒரு பிடி மண்ணாச்சும் வெச்சு அனுப்பக் கூடாதா?”

“வெச்சா சுகமா இருக்கும். சுகமா இருக்குன்னு வீட்டுக்குப் போயிடுவீங்க.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, எழுதினது போதும். வண்டி கூப்பிடு.”

4.
இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பு. சரிசெய்துவிட்டார்கள்.

மண் டாக்டருக்கு நன்றி சொல்லப் போனேன். பாதி வாக்கியத்தில் மறித்தார்: “அதெல்லாம் இருக்கட்டும். அப்பா நேத்து நடந்தாரா? மாத்திரைய நிறுத்தினா என் படியேறக் கூடாதுன்னு சொல்லு.” சாப்பாட்டு அட்டவணை ஒன்றும் கொடுத்தார். அப்பா அதைக் குற்றப்பத்திரிகை போல வாசித்தார்.

5.
இதழாசிரியர் என் சீனியர். “கடைசியில அந்தம்மா போலின்னு முடிடா, அப்பதான் சிரிப்பு வரும்” என்கிறார். எழுதிப் பார்த்தேன். அவர் போலியாக இருக்க வேண்டுமென்றால், அன்று மண்ணை வைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் மறுநாள் காலை அப்பா மாடிப்படியில்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “எழுதினது போதும், நடக்க வர்றியா இல்லியாடா?” என்று கத்துகிறார். நான் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரே நிபந்தனை, அதில் அப்பா கத்திக்கொண்டிருக்க வேண்டும்.