ஹண்டரின் இடது இறக்கை

பொம்மை விமானத்தில் ஒட்டவேண்டிய ஓர் இலக்கத்தை வெந்நீர்ச் சாசரில் மிதக்கவிட்டு சியாமளா முப்பது வரை எண்ணினாள். அதற்கு மேல் ஊறினால் இலக்கம் காகிதத்தைவிட்டு நழுவித் தனக்குள் சுருண்டுகொள்ளும். குறைந்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். கடையில் வாங்கும் பெட்டிக்குள் வருவதெல்லாம் பிரிட்டிஷ் விமானங்களின் எண்கள்தான். இந்திய விமானம் வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் இலக்கத்தையும் வேறு வேறு தாள்களிலிருந்து கத்தரித்து எடுத்து, வாலில் வரிசையாக உட்கார வைக்க வேண்டும். மேஜையில் ஒரு பழைய புகைப்படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணுக்காக அதை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடங்களாக அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

புனேயை ஒட்டிய சாங்வியில் அவர்கள் வீட்டு முன்னறை முழுக்கச் சின்னச் சின்னப் போர் விமானங்கள். அவள் கணவன் தங்கராஜ், விமானப்படையில் தரைப்பணியாளனாக இருந்து, பாதியில் வெளியே வந்து, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் காலம் தள்ளியவன். பொழுதுபோக்காக அவன்தான் பிளாஸ்டிக் கிட் ஒட்டத் தொடங்கினான். லோஹேகாவ் விமானத்தள அதிகாரிகள் பிரிவு உபசார விழாக்களுக்குக் கேட்க ஆரம்பித்த பிறகு அது தொழிலாகிவிட்டது. கண்ணில் பிரஷர் வந்து அவன் பார்வை மங்கியதும் கத்தி, தூரிகை, பசை எல்லாம் சியாமளாவின் கைக்கு வந்தன. ஒட்டுவாய் மேடாக இருக்கிறதா, தேய்த்தது போதுமா என்று விரலால் தடவிச் சொல்வது மட்டும் அவன் வேலை. அதில் அவன் ஒருநாளும் தவறியதில்லை.

பத்து நாள் முன்னால் பட்டு மாமி வந்திருந்தாள். கேம்ப் பகுதியில் இருக்கும் பொம்மைக் கடைக்காரர் விலாசம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"தமிழ்க்காரா பண்றான்னு அவர் சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது" என்றாள் மாமி, கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைச் சியாமளாவின் கையில் வைத்து அழுத்தியபடி. "ஆத்துக்காரருக்கு அடுத்த மாசம் அறுபது ஆறது. ஏர் ஃபோர்ஸ்ல பெரிய பதவியில இருந்து ரிட்டயர் ஆனவர். புடவை, நகைன்னா எனக்குத் தெரியும், இவருக்கு என்னத்த வாங்கறது? அவர் ஓட்டின ஹண்டர் விமானம் ஒண்ணு பண்ணித் தாங்கோ. பறக்கற மாதிரி, ஸ்டாண்ட் வெச்சு. அவருக்குத் தெரியக் கூடாது."

ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுத்த படத்தை நீட்டினாள். ஏணியில் ஒரு கால், கக்கத்தில் ஹெல்மெட், பின்னால் வாலும் எண்ணும். "எத்தனையோ படம் இருக்கு. இதுலதான் சூர்யநாராயணன் அழகா இருக்கார்" என்று கணவன் பெயரைச் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சியாமளா படத்தைப் பார்த்தாள். பெயரும் காதில் விழுந்தது. பிறகு, "நல்லா செஞ்சு தர்றேன் மாமி" என்றாள். குரல் சாதாரணமாகவே வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

1973இல், வடக்கே ஒரு விமானத்தளத்தில், விடிகாலை நாலரை மணிக்கு அவளுக்குப் பெண் பிறந்தது. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தூங்காத கண்களோடு தங்கராஜ் நேரே வேலைக்குப் போனான். ஹண்டரின் இடது இறக்கை நுனியில் ஊசி போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அதற்குள் புகுந்தால்தான் விமானியின் முன்னால் வேகமுள் நகரும். தரையில் நிற்கும்போது பூச்சியும் தூசியும் புகாமலிருக்க அதற்கு ஒரு கித்தான் உறை மாட்டி வைப்பார்கள். கண்ணில் படட்டும் என்று உறையிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒன்று தொங்கும். அன்று தங்கராஜ் அந்த உறையைக் கழற்ற மறந்தான்.

மறந்தது அவன்தான். ஆனால் விமானி ஏறுவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்திட வேண்டும். தாமதமாக வந்த சூர்யநாராயணன் கையெழுத்தைப் போட்டுவிட்டு நேராக ஏணியில் ஏறினார். மேலே போன பிறகு வேகமுள் பூஜ்யத்திலேயே நின்றது. திரும்பி இறங்கும்போது வேகம் தெரியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய், விமானம் உடைந்தது. அவருக்குத் தோளில் சிராய்ப்போடு போயிற்று.

விசாரணையில் அவர் சொன்னார்: சுற்றி வந்தேன், ரிப்பனைச் சுருட்டி உறைக்குள் செருகியிருந்தார்கள், அதனால் தெரியவில்லை. ரிப்பன் காற்றில் பறந்துகொண்டிருந்தது என்று தங்கராஜ் சொன்னான். ஓர் அதிகாரியின் வாக்குக்கு எதிராக ஒரு கார்ப்பரலின் வாக்கு. தங்கராஜின் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டைகள் போயின. சர்வீஸ் நீட்டிப்பும் கிடைக்கவில்லை.

அதைக்கூடச் சியாமளா செரித்துக்கொண்டிருப்பாள். ஊரில் மாமியார் சொன்னதுதான் செரிக்கவில்லை. "பொறந்த அன்னிக்கே அப்பன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவ." அந்தப் பேச்சு சாத்தூரிலிருந்து புனே வரை குழந்தையோடு கூடவே வந்தது. ஏழு வயதில் லீலா தன் பிறந்தநாள் காலையில் அப்பாவின் சைக்கிள் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அன்று அப்பா வெளியே போனால் ஏதாவது ஆகிவிடுமாம். இருபது வயதில், நிச்சயம் வரை வந்த ஒரு வரன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விலகியது. இப்போது நாக்பூரில் நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன மாதம் போனில், "மொதக் குழந்தை எந்தத் தேதியில பொறக்கும்னு நெனச்சா பயமா இருக்கும்மா" என்றாள். சியாமளா பேச்சைச் சமையலுக்கு மாற்றினாள்.

வாலில் இலக்கங்கள் காய்ந்ததும், ரிப்பனுக்காக மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை உரித்து, ஓர் அரிசி நீளத்துக்கு நறுக்கி, சிவப்புப் பூசினாள். ஊசி முனையில் சுற்றி அதற்கு ஒரு நெளிவு கொடுத்தாள். முதலில், சக்கரங்களை இறக்கி வைத்துச் செய்யலாமா என்று யோசித்தாள். அது பிரயோஜனமில்லை. நிற்கும் விமானத்தில் உறை இருப்பதுதான் ஒழுங்கு, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சக்கரங்கள் உள்ளே மடங்கி, மூக்கைத் தூக்கிப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் உறை இருக்க வேண்டும். ரிப்பன் பின்பக்கமாக, காற்றில் நீண்டு, யார் கண்ணிலும் படும்படி. மாமி பறக்கிற மாதிரிதான் கேட்டிருந்தாள்.

பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் பசையைத் தொட்டு உறையைக் குழாயில் பொருத்தினாள். இனி அதைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும்.

மறுநாள் காலை தங்கராஜ் வழக்கம்போல விமானத்தை மடியில் வைத்துத் தடவினான். மூக்கு, முதுகு, வால். வலது இறக்கை. இடது இறக்கையின் நுனிக்கு வந்ததும் விரல் நின்றது. உறையைத் தடவி, ரிப்பனின் நுனி வரை போயிற்று.

"யாருக்கு இது?" என்றான்.

அவள் சொன்னாள்.

"எடுத்திரு சியாமளா."

"எடுக்க வராது."

"நான் மறந்தது நெசந்தான? இல்லைன்னு என்னைக்காவது சொல்லியிருக்கனா?"

"நீங்க மறந்ததுக்கு நீங்க அனுபவிச்சீங்க. அவரு பாக்காததுக்கு யாரு அனுபவிச்சா?"

"அறுவது வயசு ஆளு. மணையில உக்காந்திருக்கப் போறாரு. அன்னைக்குப் போயி..."

"என் பொண்ணு பொறந்த அன்னைக்குப் பாத்துத்தான அவரு பொய்க் கையெழுத்துப் போட்டாரு" என்றாள் சியாமளா. "நல்ல நாளு அவங்களுக்கு மட்டுமா இருக்கு?"

அவன் விமானத்தை மேஜையின் மேல் வைத்தான். வைத்தவன், ரிப்பன் எதிலும் படாதபடி அதைச் சற்று உள்ளே தள்ளியும் வைத்தான்.

அறுபதாம் கல்யாணத்தன்று மண்டபத்தில், காலை பதினொரு மணிக்கு அபிஷேகம் முடிந்து, ஈரத் தலையோடும் மாலையோடும் சூர்யநாராயணன் உட்கார்ந்திருந்தார். படத்தில் பார்த்த தோள்கள் இப்போது சரிந்திருந்தன. மாமி சியாமளாவைப் பார்த்ததும் கையைப் பிடித்து முன் வரிசைக்கு இழுத்து வந்தாள். "ஆத்துக்காரரை அழைச்சுண்டு வரலையா? சாப்பிடாமப் போனா நான் பேச மாட்டேன்." சியாமளாவின் நெற்றியில் தானே குங்குமம் வைத்தாள். அந்த விரல் குளிர்ச்சியாக இருந்தது. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. அரிசி டப்பாவுக்குள் சாவியைத் தேடிய காலை நினைவுக்கு வந்தது. பெட்டியைக் கொடுத்தாள்.

விமானத்தை வெளியே எடுத்து வைத்து மாமி மேல்துணியை விலக்கியதும் பழைய விமானிகள் நாலைந்து பேர் மணையைச் சூழ்ந்துகொண்டார்கள். கைதட்டினார்கள். எல்லோரிலும் வயதான ஒருவர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "சூரி, உறையோட பறக்குதே உன் ஹண்டர்" என்று சிரித்தார்.

"பொம்மை பண்றவாளுக்கு என்ன தெரியும்" என்றார் சூர்யநாராயணன், பார்க்காமலேயே. "எங்கேயோ படத்தைப் பார்த்துத் தப்பா ஒட்டியிருப்பா."

மறுபடியும், பார்க்காமலேயே அடுத்தவர் மேல் பழி. அதோடு அவள் தயக்கம் போயிற்று.

"தப்பில்ல சார்" என்றாள். "ரிப்பனப் பாருங்க. சுருட்டிச் செருகல. பறந்துட்டுதான் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு இறக்கையை, பிறகு வாலை. உதடுகள் எண்ணை ஒருமுறை படித்தன.

"நீங்க யாரும்மா?"

"கார்ப்பரல் தங்கராஜ் வீட்டுக்காரி."

நாதஸ்வரம் எங்கோ இடைவெளி விட்டிருந்தது. "என்னன்னா? ஏதாவது தப்பாயிடுத்தா? எடுத்துடட்டுமா அதை?" என்று மாமி ரிப்பனை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதே பட்டு" என்றார்.

சியாமளா சாப்பிடாமல் வெளியே வந்தாள். இத்தனை வருடமாக இந்தக் கணத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். ஆட்டோவில் உட்கார்ந்து அதன் திருப்தியைத் தேடியபோது மாமியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எரவாடா பாலத்தில் அரைமணி நேரம் நெரிசல். இறங்கித் திரும்பிப் போய் மாமியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட ஒரு தரம் தோன்றியது. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கணக்கு இன்னும் தீரவில்லை. சூர்யநாராயணன் வாயால் உண்மை வரவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தனியாக வந்தார். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையில், வெறுங்கையோடு நின்றார்.

"தங்கராஜ் இருக்காரா?"

"இருக்காரு." அவள் கேட்டைத் திறக்கவில்லை. "அவரு உங்கள மன்னிச்சு ரொம்ப வருஷமாச்சு. அவருகிட்டப் பேசி ஒண்ணும் ஆகப் போறதில்ல."

"பின்னே யார்கிட்ட பேசணும்னு சொல்றேள்?"

"நாக்பூர்ல என் பொண்ணு இருக்கா. நீங்க விமானத்த ஒடச்ச அன்னிக்குக் காலையில பொறந்தவ. அவ பொறந்த நேரந்தான் அப்பாவுக்கு வேலை போச்சுன்னு இன்னிக்கும் நம்பிட்டிருக்கா. அவகிட்டப் பேசுங்க."

இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் கழிச்சு, முகம் தெரியாத பொண்ணுகிட்ட நான் என்னன்னு ஆரம்பிக்கறது?"

"ரிப்பன் பறந்துச்சுன்னு சொல்லுங்க. நான் சுத்தி வரலேன்னு சொல்லுங்க. நீ பொறந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு சொல்லுங்க. மூணு வரிதான் சார். விசாரணையில இதவிட நெறைய பேசியிருப்பீங்க."

குரல் கேட்டு தங்கராஜ் வாசலுக்கு வந்துவிட்டான். நிலையைப் பிடித்தபடி, முகத்தைக் குரல் வந்த திசைக்குத் திருப்பி, "சார்?" என்றான். முதுகு தானாக நிமிர்ந்தது. அதைப் பார்த்து சியாமளாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"உள்ள வரச் சொல்லு சியாமளா. டீ போடு."

"போன் பேசிட்டு வரட்டும். அப்புறம் டீ."

தெருமுனை எஸ்டிடி பூத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு கல்லூரிப் பையன் பேசி முடிக்கும்வரை மூவரும் வேப்பமர நிழலில் வரிசையில் நின்றார்கள். தங்கராஜ் ஒருமுறை, "தோளு இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டான். சூர்யநாராயணன் தலையை ஆட்டினார். தங்கராஜுக்கு அது தெரிந்திருக்காது.

சியாமளாவே உள்ளே போய் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே காற்றாடி ஓடவில்லை. அவர் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியிருந்தது.

"எடுத்துட்டாளா?" என்று தங்கராஜ் கேட்டான்.

அவருடைய தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. லீலா அங்கே ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சியாமளா கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து. பதினொன்று. அவர் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.