கப்பலிலும் இல்லாத ஜெர்சி

ஆர்டன்ஷா டவுன் கால்பந்துக் கிளப்பின் கடையில் எதுவும் கிடைக்காது என்று சொன்னால் அது அபாண்டம். கிளப் சின்னம் போட்ட நாய்க் கிண்ணம் கிடைக்கும். கழிப்பறை மூடிக்கு உறை கிடைக்கும். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும் குடை, குழந்தையின் கழுத்தில் கட்டும் எச்சில் துணி, தோட்டத்தில் நிறுத்தி வைக்கும் தாடிக் குள்ளன் பொம்மை எல்லாம் கிடைக்கும். ஜெர்சி மட்டும் கிடைக்காது. ஆகஸ்டில் ஆட்டங்கள் தொடங்கும்போது போய்க் கேட்டால் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்பார்கள். செப்டம்பரிலும் அது கப்பலில்தான் இருக்கும். அக்டோபரில் ஒருவழியாகக் கரையேறி வந்தால், பால்குடி மறக்காத பிள்ளைக்கு ஓர் அளவு, யானைக்கு ஓர் அளவு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் உள்ள மனிதப் பிறவிகள் அடுத்த வருஷம் வரவேண்டியதுதான்.

பெவ் என்கிற பெவர்லி ஹார்ட்காசிலுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஆர்டன்ஷாவில்தான். சந்தை மூலையில் இருக்கும் மீன் வறுவல் கடையில் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கு நிற்பவள். யானை அளவில் வாங்கிய பழைய ஜெர்சிகள் மூன்றை அவள் இரவு உடையாகப் போட்டுக் கிழித்திருக்கிறாள், புகார் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வருஷம் மட்டும் பொறுக்க முடியவில்லை. காரணம், கிளப்பின் பெண்கள் அணிக்கு இந்த வருஷம் கோல்கீப்பர் அவள் மகள் கர்ஸ்டி.

பெண்கள் அணியை இத்தனை காலமும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சேற்று வயலில் ஆடவிட்டிருந்தார்கள். நவம்பரில் கோப்பை ஆட்டம் ஒன்று வந்தது. எதிரணி ராவன்ஸ்பி. பக்கத்து ஊர்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஆர்டன்ஷாக்காரர்கள் வாய் கொப்பளிப்பார்கள். கூட்டம் வரும் என்று நிர்வாகத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பெரிய மைதானத்திலேயே ஆடிக்கொள்ளுங்கள் என்று பெரிய மனது பண்ணினார்கள்.

அந்தச் சேதி வந்த சனிக்கிழமை அம்மாவும் மகளும் சந்தையில் நின்றிருந்தார்கள். சின்னப் பெண்கள் நாலைந்து பேர் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓடினார்கள். முதுகில் முன்வரிசை ஆட்டக்காரியின் பெயர், நடுவரிசைக்காரியின் பெயர். பந்தைக் கண்டால் பயந்து ஒதுங்கும் அந்த இடது பக்கத்துக்காரியின் பெயர்கூட ஒரு முதுகில் இருந்தது.

"ஒம்பேரு எங்கடி?" என்று கேட்டாள் பெவ்.

"கீப்பர் பேரை யாரும்மா போட்டுக்குவாங்க? கோல் விழுந்தாத்தான் எல்லாருக்கும் என் ஞாபகமே வரும்" என்று சொல்லிச் சிரித்தாள் கர்ஸ்டி.

சிரித்தது கர்ஸ்டி. ஆனால் அந்தச் சிரிப்பு பெவ்வின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பெரிய மைதானத்தில் கர்ஸ்டி முதன்முதலாக நிற்கும்போது, இருக்கைகளில் ஒரே ஒரு முதுகிலாவது கீப்பரின் ஆரஞ்சு நிறத்தில் ஹார்ட்காசில் என்ற பெயர் இருக்க வேண்டும். பெற்றவளின் முதுகை விட்டால் அதற்கு வேறு முதுகு ஏது? திங்கட்கிழமை கடை திறந்ததும் போய் நின்றாள்.

கிளப் கடையைப் பார்த்துக்கொள்பவன் நைஜல் பாம்ஃப்ரெட். நல்ல பையன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணினித் திரை சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவன்.

"கோல்கீப்பர் ஜெர்சி ஒண்ணு குடுப்பா. ஆரஞ்சு."

"அது கெடையாதே, பெவ்வக்கா."

"கப்பல்ல இருக்கா?"

"கப்பல்லயும் இல்ல. நாங்க ஆர்டரே போடல."

"ஏன் போடல?"

"யாரும் வாங்கறதில்லக்கா."

"வித்தாத்தானய்யா வாங்குவாங்க?"

"வாங்கினாத்தானேக்கா விக்க முடியும்?"

இந்த நியாயத்துக்குள் நுழைய வாசல் இருந்தது, வெளியே வர வாசல் இல்லை. பெவ் சுற்றுமுற்றும் பார்த்தாள். அலமாரியில் தாடிக் குள்ளன் நின்றுகொண்டிருந்தான். ஆரஞ்சு ஜெர்சி, கையுறை, முகம் நிறையச் சிரிப்பு.

"இந்தக் குள்ளனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"அது பெயின்ட்டுக்கா."

"சரி. நீலக் கோடு ஜெர்சியே குடு. முதுகுல ஹார்ட்காசில், நம்பர் ஒண்ணுன்னு அடிச்சுக் குடு."

நைஜல் தட்டிப் பார்த்தான். இன்னொரு தரம் தட்டிப் பார்த்தான். "மெஷின் ஏத்துக்கலக்கா. ஒண்ணு கீப்பர் நம்பரு. கீப்பர் ஜெர்சிலதான் விழும்."

"கீப்பர் ஜெர்சிதான் இல்லன்னியே!"

"ஆமாக்கா. அதனாலதான் விழாது."

அவனை அடித்தால் போலீஸ் வரும் என்பதால் பெவ் அடிக்கவில்லை. தள்ளுபடித் தொட்டியில் போன வருஷத்து வெள்ளை ஜெர்சி ஒன்று கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே இருந்த சாமான் கடையில் ஆரஞ்சுச் சாயப் பொட்டலம் ஒன்று வாங்கினாள். நீ தராவிட்டால் போ, நான் செய்துகொள்கிறேன் என்று வழியெல்லாம் நைஜலோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

பாலியஸ்டர் துணியில் இந்தச் சாயம் ஏறாது என்று பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. பெவ் முன்பக்கத்தோடு சரி. ஜெர்சியைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் போட்டு, சாயத்தைக் கொட்டி, கதவைச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கூடத்தில் போய்ப் பேசிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவள் கணவன் டெஸ் சமையலறைக்குள் வந்தான். டெஸ் அமரர் ஊர்தி ஓட்டுபவன். சவ அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, இதில் ஓர் இழை பிசகக் கூடாது. கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். அத்தனை பெரிய மெஷினுக்குள் தனியாக ஒரே ஒரு வெள்ளைத் துணி. மின்சாரம் விற்கிற விலைக்கு ஒற்றைத் துணிக்கு ஒரு மெஷினா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தாலே தூக்கம் கெடுகிற பரம்பரை அது. அழுக்குக் கூடையில் கிடந்த தன் வெள்ளைச் சட்டைகள் நான்கையும் உள்ளே திணித்தான், பொத்தானையும் அழுத்தினான். மனைவிக்கு உபகாரம் செய்த திருப்தியோடு செய்தித்தாள் படிக்கப் போனான்.

மெஷின் ஓய்ந்ததும் பெவ் கதவைத் திறந்தாள். ஜெர்சி வாங்கும்போது எப்படி இருந்ததோ அதைவிடப் பளிச்சென்று வெள்ளையாக வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து டெஸ்ஸின் சட்டைகள் வந்தன. நல்ல பருத்திச் சட்டைகள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருந்தன.

டெஸ் ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். "நாளைக்குப் போடன் பாட்டியோட சவத்தை எடுக்கறோம் பெவ். இதைப் போட்டுக்கிட்டு நான் முன்னால உக்காந்தா, பெட்டிக்குள்ள இருக்கறவங்க எந்திரிச்சு இறங்கிடுவாங்க."

"மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டியா? கண்ணு எதுக்கு இருக்கு உனக்கு?"

"ஒத்தைத் துணிக்கு மெஷினை ஓட்டுவாங்களா யாராவது?"

இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்த பெவ் அப்படியே நின்றாள். சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீப்பர் ஜெர்சியின் ஆரஞ்சு, அச்சு அசலாக அதே ஆரஞ்சு. டெஸ் அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கப் பார்த்தான்.

"வேணாம் பெவ்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலயே."

"உன்னோட எத்தனை வருஷம் குடும்பம் நடத்தறேன்? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? வேணாம்."

அவன் புதுச் சட்டை வாங்கக் கடைக்கு ஓடினான். இவள் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டெஸ்ஸுக்கு முதுகு கதவு அகலம். இரண்டு சட்டைகளின் முதுகிலும் டேப்பை வெட்டி ஹார்ட்காசில் என்று ஒட்டினாள்; பெயர் முழுதாகப் பிடித்து, கீழே எண்ணுக்கும் தாராளமாக இடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மைதானத்தில் தூறல். கோலுக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் புருஷனும் பெண்டாட்டியும் காலர் வைத்த ஆரஞ்சுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்ஸை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது அவர்கள் வீட்டு விவகாரம். மேலே போட்டிருந்த கறுப்புக் கோட்டை அவன் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தான். பெவ் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன டெஸ், பழ வண்டி போட்டுட்டியா? கிலோ என்ன விலை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்கு இவளைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்று முனகினான் டெஸ்.

அணிகள் பயிற்சிக்கு இறங்கின. எல்லாப் பெண்களின் முதுகிலும் பெயர் இருந்தது. கர்ஸ்டியின் முதுகு மட்டும் வெறுமையாக இருந்தது. கிளப் அவளுக்குத் தேடிக் கொடுத்தது ஆண் அளவில் ஒரு சட்டை, பெயர் அடிக்க ஆள் கிடைக்கவில்லையாம். பெவ்வுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எழுந்து நின்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். டெஸ்ஸையும் காலரைப் பிடித்துத் தூக்கித் திருப்பினாள். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தபோது, கர்ஸ்டி இரண்டு கையுறைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அடுத்து வந்த இரண்டு பந்துகளும் அவளைத் தாண்டி உள்ளே போயின.

பெவ் மெல்ல உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் கேலிப்பொருள் ஆக்கிவிட்டோமோ என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது.

ஆட்டம் இடைவேளையை நெருங்கும்போது ராவன்ஸ்பிக்கு மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் ஒன்று கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. கர்ஸ்டி எழும்பிப் பிடித்தாள். பிடித்தவளை ராவன்ஸ்பிக்காரி ஒருத்தி சட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். இருவரும் விழுந்தார்கள். பந்து கர்ஸ்டியின் கையில் இருந்தது, சட்டையில் பாதி ராவன்ஸ்பிக்காரியின் கையில் இருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிசல்.

நடுவரம்மா வேறு சட்டை கேட்டாள். வேறு சட்டை ஏது? மாற்று கீப்பருக்குக் காய்ச்சல், அவள் சட்டையும் அவளோடு வீட்டில் படுத்திருந்தது. ஆண்கள் அணி வெளியூரில், அவர்கள் பெட்டியும் வெளியூரில். நீலக் கோடு போட்டது கடையில் அடுக்கியிருக்கிறது, ஆனால் மற்றவர்கள் நிறத்தில் கீப்பர் நிற்கக் கூடாது. ராவன்ஸ்பியிடம் ஒன்று கடன் கேட்கலாமே என்று யாரோ ஒருவன் சொன்னான். கர்ஸ்டி பார்த்த பார்வையில் அவன் கூட்டத்துக்குள் மறைந்துபோனான். சரியான சட்டை இல்லாமல் ஆட்டம் தொடராது என்று நடுவரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

படிக்கட்டில் ஒருவன் மூச்சிரைக்க ஏறி வந்தான். நைஜல்.

"பெவ்வக்கா. ஒரு உதவி. அந்தச் சட்டை..."

எத்தனை நாள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று இவனுக்கென்று பதில்கள் தயார் செய்திருக்கிறாள்! ஒவ்வொன்றும் பொன்னான பதில். எல்லாம் நாக்கு நுனியில் வந்து முட்டின. ஆனால் கீழே கர்ஸ்டி தூறலில் தன்னைத் தானே கட்டிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பெவ்வின் விரல்கள் அதற்குள் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தன.

"என்னுதைக் குடுக்கறேன், நீ எதுக்குக் குளிர்ல..." என்றான் டெஸ்.

"நீ சும்மா இரு. என்னுதுதான் போகணும்." உள்ளே பழைய பனியனோடு நின்றவளுக்கு அவன் கறுப்புக் கோட்டைப் போர்த்திவிட்டான். சட்டையை நைஜலிடம் நீட்டும்போது மட்டும் அவளால் அடக்க முடியவில்லை. "மெஷின் ஏத்துக்குமான்னு கேட்டுட்டியா தம்பி?"

நைஜலின் காதுகள் சிவந்தன. வாங்கிக்கொண்டு ஓடினான்.

கர்ஸ்டி அதை மாட்டினாள். கழுத்துவரை பொத்தான் போட்டாள், கை நுனிப் பொத்தானையும் போட்டாள். நடுவரம்மா காலரைப் பார்த்தாள், முதுகைச் சுற்றிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், விசில் ஊதினாள். மைதானமே சிரித்தது. கர்ஸ்டி கோலுக்குத் திரும்பி நடந்தபோது முதுகு கூட்டத்தைப் பார்த்தது. பழ வண்டி விலை கேட்ட அதே குரல்தான் முதலில் "ஹார்ட்காசில்!" என்று கத்தியது. பிறகு இன்னொன்று, பிறகு அந்த வரிசை முழுக்க. கோல் எதுவும் விழாமலே ஆர்டன்ஷா தன் கீப்பரின் பெயரைச் சொன்னது. டெஸ் மூக்கை உறிஞ்சினான், கேட்டால் தூறல் என்பான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் முடிந்தது, மறு ஆட்டம் இன்னொரு நாள் என்றார்கள். கர்ஸ்டி நேராக வேலியோரம் வந்தாள். சாயம் கரைந்து கழுத்தெல்லாம் வழிந்திருந்தது.

"கூச்சமா இருந்துச்சாடி?" என்று பயந்துகொண்டே கேட்டாள் பெவ். "மூஞ்சிய மூடிக்கிட்டியே."

"அழுதுட்டேம்மா. கண்ணே தெரியல. அதுலதான் ரெண்டு பந்தையும் விட்டேன். இனிமே இப்படி எதுவும் பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லித் தொலை."

பெவ்வுக்கு உயிர் வந்தது. "சரி சரி, கழட்டு. நனைஞ்சு கெடக்கு, சளி புடிக்கும்."

கர்ஸ்டி காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தர மாட்டேன். எம்பேரு போட்ட ஜெர்சின்னு எங்கிட்ட இது ஒண்ணுதாம்மா இருக்கு."

பெவ் வேலிக்கு மேலே கையை நீட்டி, மகளின் கழுத்தில் வழிந்த சாயத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். நனைந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றிய அந்த விரலும் ஆரஞ்சாகவே இருந்ததால், கறை இன்னும் கொஞ்சம் பரவியது.