மச்சினனுக்கு அனுப்பிய முகவரி

துரோகத்துக்கு வரலாறு எப்போதும் வாளால்தான் பதில் சொல்லியிருக்கிறது. அத்தானிடம் வாள் இல்லை. மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடியது.

துரோகி, மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆப் செய்து கொடுத்தது. ஆறு மாதத்துக்கு முன், ஊழியர்கள் எல்லோரும் பார்த்திருக்க, மச்சினன் சொன்னான்: "அத்தான், சர்வர் பக்கம் நீங்க வர வேண்டாம். பிரிண்டரைப் பாத்துக்கங்க." யாரோ சிரித்தார்கள். அன்றே வெளியேறியவர், அந்தச் சிரிப்பை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தார்.

பழி என்றால் சும்மாவா? கம்பெனியின் பெரிய வாடிக்கையாளரையே பிடித்தார். பல் டாக்டர், மூன்று கிளினிக். "சொந்த சர்வர்ல உங்க ஆப் ஓடும் டாக்டர். மச்சினன் தயவே வேண்டாம்."

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஓட்டிக் காட்டுங்க. பிடிச்சா மாறிக்கறேன்."

ஆப்புக்குப் பின்னால் நடக்கும் வேலைகளை, லாகின் முதல் நோயாளிப் பட்டியல் வரை, மொத்தமாகப் பார்த்துக்கொள்ளும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. யாரும் தன் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். அத்தான் கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்தார். ஒவ்வொரு என்டருக்கும் பல்லைக் கடித்து, "இது உனக்குடா" என்றார்.

"ஏங்க, கால்ல சூடா காத்து அடிக்குது," என்றாள் மனைவி, தைத்தபடியே.

"அது உன் தம்பிக்கு அடிக்கற அனல்."

"அவனுக்கு அடிக்கறது என் காலுக்கு எதுக்கு?"

செவ்வாய் மூன்றரை மணிக்கு நிறுவி முடிந்தது. சர்வரின் இணைய முகவரியைத் திறந்தார். கணக்கைத் தொடங்கச் சொன்னது பக்கம். அது கிடக்கட்டும், வெற்றியைத் தோற்றவனுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். மச்சினனுக்கு முகவரியை அனுப்பினார்: "பிரிண்டர்காரன் போட்ட சர்வர். திறந்து பாரு." பிறகு முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டைக்குள் நுழைந்தார்.

திரும்பி வந்தால், புதிய கணக்கு தொடங்க முடியாது என்றது பக்கம். போனை எடுத்தார்.

"என்னடா பண்ணின?"

"நீங்கதானே அத்தான் திறந்து பாருன்னீங்க. பேர் கேட்டுச்சு, கொடுத்தேன். இதுல முதல்ல பேர் கொடுக்கறவன்தான் ஓனர். அப்புறம் கதவை அதுவே சாத்திக்கும். நாம பதிஞ்சுட்டுத்தான் அட்ரஸை வெளியில சொல்லணும்."

"அழிச்சுட்டு மறுபடி போடுவேன்!"

"போடுங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

வாசல் மணி அடித்தது.

"டேய்... என்னை உள்ளே சேர்த்துவிடுடா," என்றார் அத்தான், குரலை இறக்கி.

"இதோ அத்தான். குடும்பம்னா இதுக்குத்தானே."

டாக்டர் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். திரை திறந்தது. "பரவாயில்லையே! எங்கே, ஒரு நோயாளியைச் சேர்த்துக் காட்டுங்க."

அத்தான் பொத்தானை அழுத்தினார். இன்னொரு முறை, பலமாக அழுத்தினார். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஓனர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் படித்தார்.

"இது உங்க மச்சினன் பேராச்சே. அப்ப நான் எங்கேர்ந்து எங்கே மாறணும்?"

அந்த சர்வரில் அத்தானுக்குப் பார்க்க மட்டுமே அனுமதி இருந்தது.