பி நெகட்டிவ் தேவை

ஜிபாரின் தம்பி எர்னிஸுக்கு பி நெகட்டிவ் ரத்தம். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்த வகை எளிதில் கிடைக்காது.

இரண்டாயிரத்து ஐந்தில் மினிபஸ் கவிழ்ந்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜிபார் நேரே பிரவுசிங் சென்டருக்குத்தான் ஓடினாள். ஊர்க்காரர்கள் புனைபெயர்களில் கூடி, உருளைக்கிழங்குப் பூச்சி முதல் காதல் தோல்வி வரை ஓயாமல் சண்டை போடும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. அதில் நான்கு வரி எழுதினாள். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"நீங்கதான் பனிக்கரடியா? இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே!"

"கரடி பட்டினி கெடக்கு தாயி. ரத்தம் எடுத்துட்டு ரெண்டு சம்ஸா வாங்கிக் குடு, போதும்."

பனிக்கரடியின் உண்மைப் பெயர் விதாலி. டிராலிபஸ் ஓட்டுநர். எர்னிஸ் பிழைத்தான்.

இருபது வருடம் கழித்து, இந்த மார்ச் மாதம் எர்னிஸுக்குக் குடல் புண் வெடித்தது. ரத்தவங்கியில் இருந்த இரண்டு பைகளும் தீர்ந்துவிட்டன. ஜிபார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி போனைப் பார்த்து அழுதுகொண்டே பேசி, அந்த வீடியோவைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சிவப்பு இதயங்கள் குவிந்தன. உடைந்த இதயங்களும் குவிந்தன. கீழே வந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'கண்ணீரப் பாரு, நெஜமாவா வழியுது? கம்ப்யூட்டர் செஞ்ச மூஞ்சி இது.'

'அக்கா, ஸ்கார்ஃப் எங்க வாங்கினீங்க?'

'நான் நெஜம்தான், நாலாவது மாடியில நிக்கிறேன், வந்து பாருங்க' என்று எழுதினாள். அதற்கும் முந்நூறு இதயங்கள். ஆள் மட்டும் யாரும் வரவில்லை.

பழைய மன்றத்தைத் தேடினாள். அந்த முகவரியில் எதுவுமே இல்லை. அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்களின் எண்கள் போனில் இருந்தன, அவற்றுக்கு அடித்தாள். ஒருத்தி கொரியாவில். ஒருவர் இறந்து மூன்று வருடமாகிவிட்டதாம். ஒருவர், "இந்த மாதிரி ஏமாத்துறவங்கள நெறையப் பாத்தாச்சு" என்று துண்டித்தார்.

விதாலி மட்டும் வந்தார், மூச்சிரைக்க மாடியேறி. டாக்டர் வயதைக் கேட்டாள்.

"அறுபத்தெட்டு. இன்சுலின் போடறேன். அதனால என்னம்மா, கொஞ்சமா எடுத்துக்கோ."

"முடியாது, ஐயா."

"அவன் ஒடம்புல ஏற்கெனவே என் ரத்தம்தாம்மா ஓடுது!"

டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். விதாலி சுவரோரம் உட்கார்ந்து, சட்டைக் கையை இறக்கவே மறந்து, தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓஷ் நகரத்திலிருந்து ஒரு பை ரத்தம் வந்துகொண்டிருந்தது. மலைக்கணவாயில் பனிச்சரிவு, பாதையை மூடிவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எர்னிஸ் போய்விட்டான்.

நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு விதாலி வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஜிபார் அவர் தட்டில் இறைச்சி வைக்கும்போது, யாரோ உறவுக்காரப் பெண் போனை நீட்டினாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

ஜிபார் அன்றே அழித்துவிட்ட வீடியோ. யாரோ எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து மறுபடி போட்டிருந்தார்கள். எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். திரையில் அவள் இன்னும் ரத்தம் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அதை அணைச்சிடும்மா" என்றார் விதாலி.