டிரெட்மில் அடைத்த நடைவழி

அறைக்குள் இருந்தவர்கள்: அம்மா, மகள், அமரர் ஊர்தி வண்டியோடு வந்த ஆட்களில் பெரியவர், காலையில் இறந்துபோன அப்பா. ஹாலில்: மருமகன், கீழ்வீட்டு வாத்தியார், வண்டி ஆட்களில் இளையவர். நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து மட்டும் விட்டு, நடைவழியை அடைத்துக்கொண்டு டிரெட்மில்.

அப்பாவைக் கிடத்திய ஸ்ட்ரெச்சர் மறுபடியும் அதில் முட்டி நின்றது. மெஷினைத் தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித் தூக்கினால்தான் சந்தில் போகும் என்றார் பெரியவர். மருமகனும் அதையே சொன்னான்.

"கட்டக் கூடாது. படுத்தபடியே போகணும்" என்றாள் அம்மா. விடிந்ததிலிருந்து அவள் பேசியது அவ்வளவுதான்.

டாக்டர் நடக்கச் சொன்னபோது, தெருவில் மூச்சு வாங்குவதை நாலு பேர் பார்க்க அப்பாவுக்கு ரோஷம். மூடப்போன ஜிம்மிலிருந்து இதை வாங்கினார். கதவில் நுழையாததால் ஜன்னலை இடித்து ஏற்றி, பிறகு சுவரைப் பூசினார்கள். தரை ஓடு விரிசல்விட்டது. பழுதென்றால் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வரமாட்டோம் என்றார்கள். அவர் நடந்தால் கீழ்வீட்டு ஃபேன் ஆடும், வாத்தியார் சண்டைக்கு மேலே வருவார். ஃப்ரிட்ஜ், டீவி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அணைக்காமல் இதைப் போட்டால் ஃபியூஸ் போகும்.

"வீட்டுக்குன்னு சின்னதா ஒண்ணு வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மாமா போயும் இந்தச் சனியன் போகலையே" என்றான் மருமகன்.

மகள் குனிந்து பார்த்தாள். பட்டன்கள் இருந்த பலகை அறைப்பக்கம் இருந்தது. அதன் அடியில், இரண்டு தூண்களுக்கு நடுவே, நல்ல அகலமான இடைவெளி. அப்பா அறையைப் பார்த்துத்தான் நடப்பார். பெல்ட் ஹாலை நோக்கித்தான் ஓடும்.

"பெல்ட் மேல ஏத்துங்க. அதுவே கொண்டுபோய் விடும்."

"விளையாடுறியா?" என்றான் மருமகன்.

"சின்னதா இருந்தா முடியாது. இது தாங்கும்."

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள்.

எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள் மகள். வாத்தியாரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வந்தார். கால் முன்னே போக ஸ்ட்ரெச்சரைப் பலகைக்கு அடியில் நுழைத்தார்கள். அப்பாவின் மூக்குக்கும் பலகைக்கும் ஒரு கையகலம் இருந்தது. மகள் மிகக் குறைந்த வேகத்தில் பட்டனை அழுத்தினாள்.

மோட்டார் முனகியது. தரை அதிர்ந்தது. ஃபியூஸ் போகவில்லை. பெல்ட் அசைந்து, அவ்வளவு கனத்த மனிதரை ஹாலுக்கு நகர்த்திக்கொண்டு போனது. மருமகனும் இளையவரும் அந்த முனையில் ஏந்திக்கொண்டார்கள். போர்த்திய துணிகூட விலகவில்லை.

"எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கேன். யாரையும் எதிர்பார்க்காம வந்தவர் இவர் ஒருத்தர்தான்" என்றார் பெரியவர். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் மெஷினை நிறுத்தினாள். அம்மா சந்துப் பக்கம் போகவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து நுழைந்து, பெல்ட்டின் மேல் நிமிர்ந்து நடந்து ஹாலில் இறங்கினாள்.

படிக்கட்டு அகலமானது. அப்பா படுத்தபடியே இறங்கினார். வாத்தியார் முன்னால் ஓடி கேட்டைத் திறந்து பிடித்தார். அம்மா கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனாள். மகள் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.